கரையில் இருக்க வேண்டியவள்

செங்கோட்டை அகிலாண்டேஸ்வரிக்குப் படகு என்றால் ஆகாது. அருவியில் எவ்வளவு நேரமும் நிற்பாள்; அது வேறு. தம்பி விஜய்பாண்டி ஆசையாகக் கூப்பிட்டானே என்று ஒரு தடவை கொல்லத்துக் காயலில் அவனுடைய பாய்மரப் படகில் ஏறினாள். காலையில் தின்ற இட்லியை எல்லாம் காயலுக்கே கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"யக்கா, நீ இதுக்கு லாயக்கில்ல. கரையில இரு. அதுக்கும் ஒரு ஆளு வேணும்லா" என்றான் அவன்.

விளையாட்டாகச் சொன்ன பேச்சில்லை. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தும் தண்ணீரை விட முடியாத மனுசன் அவன். தென்காசியில் டிரில் வாத்தியாராக இருந்த கூட்டாளி பெஞ்சமினோடு சேர்ந்து அந்தப் பழைய படகை வாங்கிப் போட்டிருந்தான். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ரயிலேறிப் போய்விடுவார்கள். பொழுதுபோக்குதான் என்றாலும் படகை அவிழ்ப்பதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் வந்துவிடும். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது கரையேறுவோம், எல்லாம் சொல்லுவான்.

"அஞ்சு மணிக்கு நான் கூப்பிடலைன்னா நீ ஒரு தடவ எனக்குப் போடு. எடுக்கலையா, யோசிக்காத. நான் குடுத்த கொல்லம் கரையோரப் போலீஸ் நம்பருக்குப் போட்டு ஆளனுப்பச் சொல்லு. கொஞ்சம் பொறுத்துப் பாப்பமேன்னு இருந்துராதக்கா."

"ஏலே, நீ டீக்கடையில உக்காந்து போண்டா தின்னுட்டு இருந்தன்னா? ஊரக் கூட்டுனவ நான்லா கேணச்சி ஆவேன்."

"ஆயிட்டுப் போ. நான் உசுரோட வந்து உன்னயக் கேலி பண்ணுதேன்."

அவளும் அந்த வேலையைக் குறைவைத்ததில்லை. அவர்கள் போகிற நாளெல்லாம் செல்போனில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, அடுக்களைக்குப் போனால்கூட இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாத்தனார் ஸ்வாதி சென்னையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஒரு வாரமாக வெயில் காய்ந்து, குற்றாலத்தில் தண்ணீர் நூலாகிக் கிடந்தது. காயலும் அமைதியாகத்தான் இருக்கிறது என்று தம்பியும் பெஞ்சமினும் அன்றைக்குக் காலையில் படகு எடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மலைப்பக்கமிருந்து திடீரென்று மேல்காற்று எழும்பியது. கொடியில் கிடந்த சேலையெல்லாம் பறக்க, கூடவே சாரல். தெருவில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நம் ஊரில் காற்று அப்படி அடித்தால் சீசன் வந்துவிட்டது என்றுதானே சந்தோஷப்படுவோம்? அவளும் அப்படித்தான் சந்தோஷப்பட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் காயல் மேலேயும் இந்தக் காற்றுதான் வீசியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மதினி, ஐந்தருவியில தண்ணி விழுதாம். ஒரு முங்கு போட்டுட்டு வந்துருவோம்" என்றாள் ஸ்வாதி.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அருவிக்குப் போனால் போன் காரில்தான் கிடக்க வேண்டும். நனையும், இல்லையென்றால் எவனாவது கொண்டுபோவான். அவள் கணவர் சங்கரபாண்டி எல்லோருடைய போனையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு மணிக்குத் தம்பி போன் வருமே" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

"மூணுகூட ஆகலட்டி. அருவியில குடியிருக்கவா போற?"

ஆனால் அங்கே போனால் தண்ணீர் வரத்து கூடுதல் என்று போலீஸ்காரர்கள் ஆளை விடவில்லை. நிற்கிறவர்கள் எல்லாம் எண்ணெய்த் தலையோடு நின்றார்கள். ஒருவழியாகத் திறந்துவிட்டபோது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்து ஓடியது. வானம் இருண்டே கிடந்ததால் பொழுதும் தெரியவில்லை. தண்ணீர் தலையில் விழுந்த மாத்திரத்தில் அவளுக்கு உலகமே மறந்துபோனது. இத்தனை நாள் உஷ்ணம் இறங்குகிற சுகம். மறுபடி மறுபடி போய் நின்றாள்.

வெளியே வந்து தலையைப் பிழியும்போதுதான் தம்பி போன் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மணி கேட்டாள். அவளும் நனைந்துதான் நின்றாள். "எப்படியும் அஞ்சரை இருக்கும்க்கா."

சாவி ஆண்கள் பக்கம் இருந்தது. ஈரச் சேலையோடு கம்பி ஓரம் ஓடிப்போய்க் கத்தினாள். அருவி இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. துண்டு கட்டின நூறு ஆண் தலைகளுக்குள் எந்தத் தலை சங்கரபாண்டி? அங்கே இருந்த போலீஸ்காரரைக் கெஞ்சி உள்ளே அனுப்பி அவரைக் கூட்டிவந்து காரைத் திறந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். அலாரம் பூட்டின காருக்குள் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. தம்பியிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

அவனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. அந்த நம்பருக்குப் போட்டாள்.

ஆள் போனது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த பெஞ்சமினை உயிரோடு தூக்கினார்கள். அவன் ஒரு கையால் பிடித்துவைத்திருந்த விஜய்பாண்டியை உடம்பாகத்தான் தூக்கினார்கள். மத்தியானக் காற்றில் படகு கவிழும்போது பாய்க்கழி தலையில் அடித்ததாம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் முங்கவில்லை, ரத்தம்தான் நிற்கவில்லையாம்.

யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. "விதி" என்றார்கள். சங்கரபாண்டி சாவிக் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் முகம் பார்க்காமல் திரிந்தார். அவளுக்குத் தெரிய வேண்டியதோ ஒன்றே ஒன்று. அஞ்சு மணிக்கு அவன் இருந்தானா, போய்விட்டானா? முன்னாலேயே போயிருந்தால் அவள் மூச்சு விடலாம்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குத்தான் பெஞ்சமின் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தான். பந்தி நடக்கும்போது பின்வாசலில் அவனைப் பிடித்தாள்.

"பெஞ்சமினு, பொய் சொல்லப்படாது. அஞ்சு மணிக்கு இருந்தானா?"

அவன் சுவரைப் பார்த்தான். "மணியெல்லாம் எங்கக்கா தெரியுது."

"உன் ஆண்டவர் மேல ஆணையாச் சொல்லு."

"இருட்டுத வரைக்கும் பேசிட்டுத்தாங்க்கா இருந்தான்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னய வஞ்சானா?"

"இல்லக்கா. ஆளு வரவே இல்லையேன்னு நான்தான் உங்கள வஞ்சேன். அவன் என்னய ஏசுனான். 'ஏலே, அஞ்சு அடிச்சதுமே எங்கக்கா போன் போட்டிருப்பா. அவ பேசுத மலையாளம் அவனுவளுக்கு வெளங்காம முழிச்சுட்டு நிப்பானுவ. அதாம்லே லேட்டு'ன்னு சொல்லிச் சிரிச்சான்."

உள்ளேயிருந்து ஸ்வாதி கூப்பிட்டாள். "மதினி, இலை போட்டாச்சு. பெஞ்சமின் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சமினின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சானா? எப்படிச் சிரிச்சான்னு சொல்லு" என்றாள்.