சென்சார் பார்க்கப் போன காலை

பட்டறைக்குள் கார் நுழைந்ததும் மெக்கானிக் நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பம்பரின் இடது ஓரம் நசுங்கி, வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"எந்தச் சுவரு சார்?"

"எதிர்வீட்டு கேட் தூண்," என்றார் கணவர்.

"தூணுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது குத்துக்கல்லாட்டம் நிக்குது."

இருவரும் சிரித்தார்கள். மெக்கானிக்குக்குக் கனத்த உடம்பு. குரல் அதைவிடக் கனம், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் இந்தக் காரில்தான் அவள் பெட்டிகளோடு ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும். அதற்குள், பின்னால் ஏதாவது நெருங்கினால் சத்தம் எழுப்பும் பார்க்கிங் சென்சாரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றார். அவளை அனுப்பிவைக்க அவருக்கு அவ்வளவு அவசரம்.

மகளோடு போய் இருப்பது என்று அவள் முடிவெடுத்தாகிவிட்டது. பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, ஒரேயடியாக. காரணம் என்ன என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவர் குடிக்கிறவர் இல்லை, கைநீட்டுகிறவர் இல்லை. பேசாதவர், அவ்வளவுதான். அதுவும் அவளிடம் மட்டும். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேட்டால் பதில் வராது. திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரு "ஊம்" வரும், அந்த "ஊம்" அவள் சொன்னதற்கு ஒட்டவே ஒட்டாது. அதே மனிதர் தெருமுனையில் நண்பர்களோடு நின்றால் கலகலவென்று இருப்பார். காலமெல்லாம் நூலகத்தில் வேலை பார்த்தவள் அவள். குரலை உயர்த்திப் பழக்கமில்லை. இவரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

முடிவை அவரிடம் சொல்லாமல் இல்லை. ஒரு காலையில் பாத்திரம் தேய்த்தபடியே சொன்னாள். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. "நான் அவகூடவே இருந்துடலாம்னு பாக்கறேன். இனிமே இங்க வர்றதா இல்ல." பின்னால் மேஜையில் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "மழை வரும்போல இருக்கு, துணி எடுத்தாச்சா?"

அன்று மாலையே மகளுக்குப் போன் செய்தாள். "உங்கப்பா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலடி" என்று அழுதாள். டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். பின் பம்பரில் சட்டைப் பொத்தான்கள்போல நான்கு வட்டங்கள். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டே போனார்.

"உயிரோட இருந்தா டிக் டிக்குனு துடிக்கும்மா. வாங்க, நீங்களும் கேளுங்க."

அவள் இறங்கிப் போய்க் குனிந்தாள். முதல் வட்டத்தில் கைக்கடிகாரத்தைவிட மெல்லிய துடிப்பு. அடுத்த இரண்டிலும் அப்படியே. இடது ஓரத்தில் ஒன்றுமில்லை.

"மூணு நல்லா இருக்கு, ஒண்ணுதான் போச்சு," என்றார் மெக்கானிக். "ஆனா சார் என்னமோ சத்தமே வரலைங்கறார்."

"சுத்தமா வரல," என்றார் கணவர். "ரொம்ப நாளாவே வரல."

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டார். இடது ஓரத்து சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நகத்தால் சுரண்டினார். "எந்தப் புண்ணியவான் சார் இதுக்குப் பெயின்ட் அடிச்சது? தோசைமாவு மாதிரி அப்பியிருக்கான். இதுக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

உடனே புதியதை மாட்டவில்லை. கெட்டதையும் பக்கத்தில் இருந்த நல்லதையும் இடம் மாற்றி மாட்டினார். வயரில் கோளாறு என்றால் அது அதே இடத்தில் நிற்கும், சென்சாரில் என்றால் அதோடு கூடவே நகரும் என்று அவளுக்கு விளக்கினார். நகர்ந்தது. அதற்கப்புறம்தான் புதியதை எடுத்தார். மாட்டுவதற்கு முன், பச்சை பூத்திருந்த வயர்முனையைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தார்.

"சார், நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க. அம்மா, இந்த அட்டையைப் புடிச்சுக்கிட்டு மெதுவாக் காரைப் பாத்து நடந்து வாங்க."

அவள் அட்டைப்பெட்டியின் மூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். கார்க் கதவுகளெல்லாம் திறந்துகிடந்தன. உள்ளே பீப் என்றது. இன்னொரு அடி வைத்தாள். பீப், பீப்.

"வருதா சார்?"

"இல்லையே."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். "கிட்டப் போங்கம்மா." போனாள். சத்தம் விட்டுவிடாமல் கீச்சென்று காதைத் துளைத்தது. பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"இப்ப?"

"ம்ஹூம்."

"சார், என்னை வச்சு வேடிக்கை காட்டுறீங்களா? தெருவுக்கே கேக்குது!"

அவள் பக்கக் கண்ணாடியில் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. லேசாகச் சாய்ந்த தலையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதற்கு அலட்சியம் என்று அவளே பெயர் வைத்திருந்தாள்.

அட்டை கீழே இறங்கியது. அவள் பின்னால் நகர்ந்தாள். சத்தம் நின்றது.

"ஆங், வருது வருது," என்றார் அவர் அவசரமாக. "இப்ப நல்லா வருது."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கார்ல இனிமே கோளாறு இல்லம்மா," என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

அவள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் வேலைசெய்த அச்சகத்துக்குப் போயிருக்கிறாள். இயந்திரங்களின் இரைச்சலில் நெஞ்சே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அவரும் மற்றவர்களும் உதட்டைப் பார்த்தே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அது அவளுக்கு வித்தை மாதிரி இருந்தது.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. கையைத் தொட்டு, அவர் திரும்பியபின் மறுபடி கேட்டாள்.

"இருக்கும், நாலஞ்சு வருஷம். கனத்த குரல்னா கேக்குது. உன் குரல்தான் மெல்லிசு."

"ஏன் சொல்லல?"

அவர் ஸ்டியரிங்கை விரலால் துடைத்தார். "எங்க அண்ணனை நடிச்சுக் காட்டுவியே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காது மிஷின் மாட்டிக்கொண்ட அவருடைய அண்ணன் ஒன்றைக் கேட்டு வேறொன்றைச் சொல்வதையெல்லாம், விருந்தாளிகள் வந்தால் அவள் நடித்துக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இவரும்தான் சிரிப்பார். எப்போதிருந்து இவர் சிரிப்பதை நிறுத்தினார் என்று யோசித்தாள். பிடிபடவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

"அப்போ, நான் போறேன், வரமாட்டேன்னு சொன்னது?"

"எங்கிட்டயா சொன்ன?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "மக சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவதான் போன்ல ஊரையே கூட்டுவாளே."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். போகாதேன்னு நான் சொல்லுவேன், நீ மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுவ. எனக்கு ஒண்ணும் காதுல விழாது. ஊம் கொட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுக்கு நீ போறதே தேவலாம்னு விட்டுட்டேன்." பின்பக்கம் கையைக் காட்டி, "கொண்டுபோய் விடற அன்னிக்காவது உங்கிட்ட திட்டு வாங்காம ஓட்டணும்னுதான் இதையும் சரிபண்ணச் சொன்னேன்," என்றார்.

அவள் ஏதோ சொன்னாள்.

"என்ன?"

மறுபடி சொன்னாள். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். மன்னிப்பை மெல்லத்தான் கேட்டுப் பழக்கம் மனிதர்களுக்கு. அவள் குரல் உடைந்து கத்தினாள்: "தப்பு எம்மேலதாங்க!"

டயர்க்காரர்கள் நிமிர்ந்தார்கள். குழாயடியிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் சரியாகலையா?" என்றார்.

"சரியாப் போச்சுங்க," என்றார் கணவர் அவளுக்குப் பதிலாக. அவள் கத்தியது அவருக்குக் கேட்டிருந்தது.

அவள் மகளுக்குப் போன் செய்தாள். அவர் பார்க்கும்படி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். "அப்பா ஒரு வார்த்தை கேக்கலன்னு சொன்னேன்ல. அது அப்படி இல்லடி. நான்தான் அவரைப் பாத்துச் சொல்லல. அவருக்குக் காது கேக்கல, ரொம்ப நாளா. கூடவே இருந்தும் எனக்குத் தெரியல."

மகள் அந்தப் பக்கம் எதையோ உரக்கக் கேட்டாள். பிறகு, "அப்போ நீ வரலையா?" என்பது மட்டும் தெளிவாக வந்தது. போன மாதமே ஒரு அறையை ஒழித்து அவளுக்காகக் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

அவர் கண்கள் மனைவியின் வாயைவிட்டு நகரவில்லை.

"வர்றேன். ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பிடறேன்."

"ஒரு வருஷமா?" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் கையைப் பிடித்து, நெஞ்சின் அடியிலிருந்து குரலை எடுத்து, "மாசம்," என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "ஊம்," என்றார். சரியாகக் கேட்டுத்தான் சொன்னாரா, பழைய "ஊம்"தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. காரைக் கிளப்பினார்.

வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். இந்த நாலைந்து வருடங்களில் அடுப்படியிலிருந்தும், கொடிக்கயிற்றின் பக்கமிருந்தும், இருட்டில் படுக்கையில் முதுகைக் காட்டியபடியும் அவரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொன்னவை கொஞ்சம். ஆசையாகச் சொன்னவையும் உண்டு. எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் முகம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். என்னவெல்லாம் சொன்னோம் என்பது அவளுக்கே ஞாபகம் வரவில்லை.