இரண்டு வழிகளில் உயரும் கை

1

இந்தக் கதை என் வலது தோளில் தொடங்கியது. ஐம்பது வயதில் இறுகிப்போன தோள். புளியந்தீவில் ஒரு சிகிச்சை அறையில் பயிற்சி தருகிற பெண், "முன்னால தூக்குங்க. சரி, இப்ப பக்கத்தால தூக்குங்க" என்றாள். முன்பக்கமாக ஓரளவு ஏறியது. பக்கவாட்டில் ஏறவில்லை. ஒரே உயரத்துக்குப் போக ஒரு கைக்கு இரண்டு வழிகள் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். இந்த வித்தியாசத்தில் ஒருத்தியின் உயிர் தங்கியிருக்க முடியுமா என்று யோசித்தேன். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: வாவியின் மேல் மாலை வெயில் பொன்னாக—

(வேண்டாம். போர்க்காலத்தில் வாவியைக் கடந்தவர்கள் வெயிலைப் பார்க்கவில்லை. சோதனைச் சாவடியில் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தார்கள்.)

இரண்டாவது: கண்ணகைக்குப் பத்தொன்பது வயது.

(வயது இருக்கட்டும். அம்மன் பெயர் வைத்தால் அற்புதம் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். யோகமலர் என்று மாற்றுகிறேன்.)

3

யோகமலர், வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்காரி. பள்ளிக்கூட வலைப்பந்துப் போட்டியில் எறிய ஓங்கிய கையை எதிரணிக்காரி பின்னால் இழுத்துவிட்டாள். அன்று தோள் முதல்முறை விலகியது.

கையெலும்பின் உருண்டை பெரியது. அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் இல்லை. கரண்டியில் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வைத்து ஓடுவோமே, அப்படி. சுற்றியுள்ள தசைகளும் நார்களும்தான் தேசிக்காயை விழாமல் பிடித்திருக்கின்றன. கையைப் பக்கவாட்டில் முழுக்க உயர்த்த, தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும். கையெலும்பு வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள எலும்பில் முட்டும். நார் கிழிந்த தோள் அந்தத் திருப்பத்தில்தான் நழுவும்.

யோகமலர் இதைப் படித்ததில்லை. தலை வாரும்போதும் கொடியில் துணி போடும்போதும் கையை முன்பக்கமாகவே கொண்டுபோவாள். நினைத்துச் செய்வதில்லை. தோளே செய்யும்.

4

வீட்டுக்கு ஒருவர் போராட வரவேண்டும் என்று இயக்கம் கேட்டுவந்த காலம். இயக்கத்துப் பெண்கள் இருவர் முற்றத்தில் நின்றார்கள். தாய் சீதேவிப்பிள்ளை முந்திக்கொண்டாள்.

"மூத்தவளுக்குத் தோள் கழண்டுபோற வருத்தம் புள்ள. துவக்குத் தூக்க ஏலா. ஊரெல்லாம் கேட்டுப் பாருங்க."

"எங்களக் கண்டா எல்லா வீட்டிலயும் வருத்தம்தான் அம்மா. போன வீட்டில ஒரு புள்ளைக்குக் காது கேக்காதாம். மாங்காய் தின்னுறியா எண்டு மெதுவாக் கேட்டன். ஓம் எண்டாள்."

மற்றவள் சிரித்தாள். (இந்தச் சிரிப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்கும் இருபது வயதுதான். இருக்கட்டும்.)

"உண்மையெண்டா மூத்தவள விடுறம். இளையவள் வரட்டும்."

இளையவள் சுகந்தினிக்குப் பதினாறு. வாசலில் நின்றாள். தாய் இதை நினைத்திருக்கவில்லை. ஒரு பிள்ளையின் குறை வீட்டையே காப்பாற்றும் என்று நம்பியிருந்தாள்.

"எங்க, கையத் தூக்குங்க தங்கச்சி, பாப்பம்" என்று யோகமலரிடம் சொன்னாள் முதலில் பேசியவள்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) பக்கவாட்டில் தூக்குகிறாள். தோள் விலகுகிறது. மண்ணில் உட்கார்ந்து கத்துகிறாள். சுகந்தினி போகிறாள்.

ஆ) முன்பக்கமாகத் தூக்குகிறாள். கை தலைக்கு மேலே நேராக நிற்கிறது. தாய் பொய்க்காரியாகிறாள். யோகமலர் போகிறாள்.

'ஆ'வைத் தியாகம் என்று எழுதினேன், பிறகு வெட்டினேன். அவள் கை தினமும் அந்த வழியால்தானே போகிறது? வலிக்குத் தப்புகிற பழக்கமே அவளைக் கொண்டுபோய்விடும். வீட்டில் இருக்க வேண்டுமென்றால் தெரிந்தே தோளைக் கழற்ற வேண்டும். அவளுடைய மனதுக்குள் போய்ப் பார்த்தேன். தான் தங்கைக்காகத்தான் அப்படித் தூக்கினாளா என்பது அவளுக்கே—

6

கை முன்பக்கமாக உயர்ந்துவிட்டது. காரணத்தை விட்டுவிடுகிறேன்.

"நல்லாத்தானே கிடக்கு. உடுப்ப எடுங்க."

பக்கத்தால தூக்கச் சொல்லுங்க என்று யாராவது சொன்னால் யோகமலர் தப்புவாள், சுகந்தினி போவாள். தாய்க்கு இது தெரியும். ஆனால் வாய் திறந்து இளையவளை ஏற்கெனவே காட்டிக்கொடுத்தவள், இனித் திறக்கமாட்டாள். ஒரே பாயில் படுத்து, அக்காவுக்குச் சட்டை மாட்டிவிடுகிற சுகந்தினிக்கும் தெரியும். அவள் அக்காவைப் பார்க்கிறாள்.

'பக்கத்தால' என்ற அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் அதோடுதான் வாழ வேண்டும். நான் பேனையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

யோகமலர் இன்னும் கையை இறக்கவில்லை. இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்வதானால் அவள் கையை இறக்குவதற்குள் சொல்லுங்கள்.