தபாலில் போகாத பத்திரிகை

சூளைக்குள் பட் பட்டென்று சத்தம் கேட்டதுமே ஜானகிக்குப் புரிந்துவிட்டது. ஆறவிட்டுத் திறந்தால், களிமண்ணில் எழுதிய அழைப்புப் பத்திரிகை ஒன்றுக்கு நாலாகச் செய்ததில் நாலும் சில்லு சில்லாகக் கிடந்தன. ஐப்பசி மழையில் குன்னூரில் களிமண் சீக்கிரம் காயுமா? பீங்கான் வேலையே பிழைப்பாக இருப்பவளுக்கு அது தெரியாதா? அவசரத்தில் ஈரத்தோடு சுட்டுவிட்டாள்.

அவள் செய்த சாமான்களின் கண்காட்சி நாளைக்கு. ஊரை அழைக்க ஃபோன் போதும், அழைத்தும் ஆயிற்று. இந்த மண் பத்திரிகை ஒரே ஒருவருக்கு, மேட்டுப்பாளையத்தில் அரிசிக்கடை வைத்திருக்கும் அண்ணன் வேலுசாமிக்கு. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவர். அவருக்குப் போய்த் தன் காதல் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினாள், மகராசி! தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் வைக்க வேண்டியதை ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் எந்த அண்ணன் வருவார்? அன்றோடு பேச்சும் நின்றது.

அதனால்தான் மண்ணில் செய்தாள். தபாலில் போட்டால் உடையும். கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

சில்லுகளை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு மிச்சக் களிமண்ணைத் தட்டையாக்கி, ஓரத்தில் தேயிலைத் துளிரை அழுத்தி, எழுத்துகளைக் கீறி, சுடாமலே ஒரு பலகையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவள் விரல் மண்ணில் பதிந்தது. ஜன்னல் சாரல் வேறு. இறங்கும்போது நாளும் இடமும் கலைந்து, அவள் பெயரில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

வேலுசாமி வாசலில் நின்று பார்த்தார். "என்ன இது? ஒரு எழுத்தும் தெரியலையே."

"வாயால சொல்றேனுங்ணா. நாளைக்குக் குன்னூர்ல நான் செஞ்ச சாமானெல்லாம் பார்வைக்கு வெக்கிறேன். நீங்க வரோணும். அன்னைக்குத் தபால்ல போட்டது தப்புங்ணா. உங்க மூஞ்சியப் பாக்கப் பயந்துட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், இனி அண்ணன் இல்லை என்று நினைத்தாள் ஜானகி. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டு இருந்தது. அந்த ஈர மண்ணைப் பதமாக எடுத்து அதில் வைத்தார். தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"எந்திரி அம்மிணி. இப்பக் குடு."