கேள்வியை முதலில் படி

1

பத்தாம் வகுப்புப் பயிற்சி நூலுக்கு ஒரு பத்தியும் கீழே சில வினாக்களும் வேண்டும் என்று பாளையங்கோட்டைப் பதிப்பகத்தார் கேட்டார்கள். "கொஞ்சம் சோகமா இருக்கட்டும் அண்ணாச்சி, பிள்ளைக மனசுல நிக்கும்" என்றார்கள். சோகத்துக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் சித்தி மகள் டெல்பின் வீட்டிலேயே இருந்தது. இந்தக் கதை அங்கிருந்து எடுத்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணி வந்து சேரும் கடல் அன்னையின் மடியில்..."

அடித்துவிட்டேன். (கடல் அன்னை: உருவகம். இரண்டு மதிப்பெண். டெல்பின் காதுபட யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "டெல்பினின் மகள் ரெனிஷா பத்தாம் வகுப்பில் முதல் மாணவி."

இது உண்மை. டியூசன் ஆசிரியர் எலியேசர் கற்றுக்கொடுத்த வழி அப்படி. பத்தியைப் படித்து நேரத்தை வீணாக்காதே. கேள்வியை முதலில் படி. அதில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. எலியேசரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வினாத்தாளும் அதற்குத் தோதாகத்தான் வருகிறது.

3

ரெனிஷாவின் அப்பா தொம்மைக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு சாயங்காலம் மீனவர் சங்கத்திலிருந்து செல்போனில் செய்தி வந்தது.

"ஏட்டி, நாளைக்குக் கடலுக்குப் போலாமான்னு பாரு."

மகள் கண்ணை ஓட்டினாள். "'நாளை கடலுக்குச் செல்லலாம்'னு போட்டிருக்குப்பா."

சரியான விடை. அடுத்த வரி: 'நண்பகலுக்குள் கரை திரும்பிவிட வேண்டும், பிற்பகலில் சூறைக்காற்று வீசும்.' அவர் அதைக் கேட்கவில்லை, அவள் படிக்கவில்லை.

மற்ற வள்ளங்கள் நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டன. தனியாகத் தெற்கே போயிருந்த தொம்மை, மீன் நன்றாகப் படுகிறதே என்று [இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.]

4

செல்போனில் இருந்த அந்தச் செய்தியை டெல்பின் அழித்துவிட்டாள்.

"அண்ணே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காத்து திடீர்னு வந்துட்டுன்னு நெனைக்கா. நீங்க எழுதி, அது அவ புத்தகத்துலயே வந்து... வேண்டாம்ணே."

"அவ எங்க படிக்கப்போறா? கேள்வியத்தான பாப்பா."

சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டெல்பின் கோபப்படவில்லை.

"அப்பம் நல்லதுதாம்ணே. அவ இப்படியே இருந்துட்டுப் போகட்டும். ஒழுங்கா வாசிக்கப் படிச்சிர வேண்டாம்" என்றாள்.

இதற்குப் பாடநூலில் முரண் என்று பெயர்.

5

முடிவு அ: உடல் கரை ஒதுங்கியது. (பொய். இன்றுவரை கிடைக்கவில்லை.)

முடிவு ஆ: ரெனிஷா ஒருநாள் இந்தப் பத்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கிறாள். படித்துவிட்டு அம்மாவிடம் வந்து... (எழுத மாட்டேன்.)

கடைசியில் ஒன்று செய்தேன். பத்தியின் நடுவே ஒரு வரியைச் செருகினேன்: "அப்பா திரும்பி வருவார்." கீழே அதற்கேற்ற வினா: "அப்பா திரும்பி வருவாரா?" ரெனிஷா சொல்லைத் தேடுவாள், வரியைக் கண்டுபிடிப்பாள், தன் கையெழுத்திலேயே அப்படியே எழுதுவாள். முழு மதிப்பெண்.

நாளை அச்சுக்குப் போகிறது. அந்த வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் முழுவதும் படித்தவர்கள். மனம் இருந்தால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.