பொதுக் கிணறு

என் வக்கீல் ஜெகதீசன் போன் பண்ணி, விழுப்புரத்தில் ஒரு கூட்டம், நீங்களும் வர வேண்டும் என்றார். நான் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எதுலயாவது கையெழுத்து போடச் சொல்வாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. சிவில் கேஸுங்க ஏன் இவ்ளோ நாள் இழுக்குதுன்னு பேசப் போறாங்க. சட்டக் காலேஜ்ல இருந்து வர்றாங்க. ரிட்டயர்டு ஜட்ஜு ஒருத்தர் வர்றாரு. கேஸ் நடத்துறவங்க ரெண்டு பேரு வந்து பேசினா நல்லாருக்கும்னாங்க."

"ஏன் இழுக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா வக்கீலே? இழுக்கிறதே நீங்கதானே."

அவர் சிரித்தார். வக்கீல் சிரித்தால் நான் நம்புவதில்லை.

"உங்க தங்கச்சியும் வர்றாங்க" என்றார்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

என் பெயர் வேங்கடேசன். பெருமுக்கல் மலைக்குக் கீழே எங்கள் நிலம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு கணக்குத் தீர்ந்தது. தங்கை வீரம்மாளை வளவனூரில் கட்டிக்கொடுத்தோம். நகை போட்டோம், பாத்திரம் கொடுத்தோம், அதோடு முடிந்தது என்று இருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அப்பன் நிலத்தில் சமபங்கு உண்டு என்று டெல்லியில் பெரிய கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் எனக்கு சம்மன் வந்தது. வாதி வீரம்மாள், பிரதிவாதி வேங்கடேசன். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் அப்பா பெயர் ஒன்றாகவே போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் பக்கம் கேஸ் நடக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள். அவள் புருஷன் செத்ததற்கு நான் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவளும் என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வழக்கம் கெட்டுவிடும்.

ஆனால் வாய்தாவுக்கு வாய்தா திண்டிவனம் கோர்ட்டுக்கு இரண்டு பேரும் வந்தாக வேண்டும். வராந்தாவில் அவள் அந்தக் கோடியில் உட்காருவாள், நான் இந்தக் கோடியில். பெயரைக் கூப்பிடுவார்கள், உள்ளே போவோம், வேறு தேதி போடுவார்கள், வெளியே வருவோம். அப்புறம் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். வீரம்மாளுக்குச் சின்ன வயசிலிருந்தே ரோடு தாண்டத் தெரியாது. லாரியைப் பார்த்தால் கால் நின்றுவிடும். நான் முன்னால் கையை நீட்டிக்கொண்டு மெதுவாகப் போவேன். அவள் பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்க மாட்டேன். செருப்புச் சத்தம் கேட்கும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவள் விழுப்புரம் பஸ்ஸுக்கு, நான் மரக்காணம் பஸ்ஸுக்கு.

விழுப்புரத்தில் கூட்டம் ஒரு ஏசி ஹாலில் நடந்தது. சுவரில் படம் போட்டார்கள். சிவப்புக் கோடு ஒன்று மலை ஏறுகிற மாதிரி மேலே போனது. கலைப்பிரியா என்று ஒரு பேராசிரியர் அம்மா குச்சியை வைத்துக் காட்டிப் பேசினார். அண்ணன் தம்பிமேல் பெண்கள் போடுகிற பாகப்பிரிவினைக் கேஸ்தான் அந்தச் சிவப்புக் கோடாம். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்ல விஷயம். உரிமை தெரிஞ்சு கேக்கறாங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா கேஸ்ல ஜெயிச்ச பெண்கள்ல நிறைய பேருகிட்ட பேசினேன். நிலம் கிடைச்சது, பிறந்த வீடு போச்சுன்னாங்க. எந்தத் தீர்ப்புலயும் அதை எழுத முடியாது."

வீரம்மாள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. ராஜியாப் போகும்போது கிணறு பொது, பாதை பொதுன்னு எழுதிடறாங்க. அடுத்த கேஸு அங்கதான் முளைக்குது. கோர்ட்டுக்குத் திரும்பி வர்ற குடும்பங்களைப் பாருங்க, பாதி பேரு கிணத்துக்கும் பாதைக்கும்தான் வர்றாங்க. பிரிச்சா சுத்தமாப் பிரிங்க. எதையும் பொதுவுல வைக்காதீங்க."

படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் மனசுக்குள் தலையாட்டினேன். எங்கள் ஊரில் ஒரு பாதைக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த கதை எனக்குத் தெரியும்.

மத்தியானம் இலை போட்டார்கள். வீரம்மாள் எனக்கு எதிர்வரிசையில் உட்கார நேர்ந்தது. பரிமாறுகிற பையன் வாழைக்காய்ப் பொரியலை என் இலைப் பக்கம் கொண்டுவந்தான்.

"தம்பி, அவருக்கு வைக்காதீங்க" என்றாள் வீரம்மாள். "அது அவருக்கு ஆவாது. ராவெல்லாம் வயித்தைப் புடிச்சிகினு உக்காந்திருப்பாரு."

நான் அந்தப் பையனிடம், "வைப்பா, நான் திம்பேன்" என்றேன். வைத்தான். நான் தின்னவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். கேஸ் சீக்கிரம் முடிய என்ன செய்யலாம் என்று அந்த அம்மா கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? வக்கீலுக்கு அவசரம் இல்லை, கோர்ட்டுக்கு அவசரம் இல்லை. எங்களுக்கு மட்டும் அவசரம் இருந்து இன்னா ஆவப் போவுது" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை. "எங்கப்பா காலத்துல பாகம் பிரிக்க யாரும் கோர்ட்டுக்குப் போவலைங்க. மூத்தவன் பிரிப்பான், இளையவன் எடுப்பான். மூத்தவன் ஓரவஞ்சனை பண்ணான்னா நல்ல பாகத்தை இளையவன் தூக்கிகினு போயிடுவான். அந்த பயத்துலயே ஒழுங்காப் பிரிப்பான். எங்கப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் பிரிஞ்சாங்க. வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை."

கைதட்டினார்கள். அந்த அம்மா கைதட்டி முடியும்வரை காத்திருந்து, "உங்க தங்கைக்கு அப்படிப் பிரிச்சுக் காட்டினீங்களா ஐயா?" என்றார்.

"அது ஆம்பளைங்க சமாச்சாரங்க."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மைக் வீரம்மாளிடம் போனது. அவள் அதை அகப்பை பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"எங்க நிலத்துக் கிணத்தை வெட்டுறப்ப மண்ணு சுமந்தது ஆம்பளையா பொம்பளையான்னு அவரையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "ரெண்டு பேருந்தான் சுமந்தோம். அவளுது சின்னக் கூடை" என்றேன்.

"சின்னக் கூடைதான்" என்றாள் மைக்கில். "அவரு நடுநடுவுல உக்காந்துக்குவாரு. நான் உக்காரலை."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவள் வளவனூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நானும் ஜெகதீசனும் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவளுக்குக் கேட்கிற மாதிரி வக்கீலிடம் சொன்னேன்.

"நான் பிரிக்கிறேன். எடுக்கிறவங்களை வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

அவள் பஸ்ஸைப் பார்த்தபடியே, "பாத்துட்டுதான் எடுப்பேன்னு சொல்லுங்க வக்கீல் சார்" என்றாள்.

"பாக்காம யாரு எடுக்கச் சொன்னா?"

ஜெகதீசன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து நிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மனசில் சந்தேகம் போகவில்லை. வீரம்மாள் கேட்கிறாளா, அவள் மகன் மணிமாறன் கேட்க வைக்கிறானா? மணிமாறன் புதுச்சேரியில் கம்பெனி வேலை பார்க்கிறவன். எங்கள் ரோட்டோரமெல்லாம் கலர் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவள் பங்கும் அப்படித்தான் போகும் என்று எனக்கு பயம். அப்பா மண்ணில் எவனோ காம்பவுண்டு கட்டுவான்.

அதனால் ரோட்டோரம் ஒரு பாகம், உள்பக்கம் ஒரு பாகம் என்று பிரித்தேன். ரோட்டோரம் மண் சுமார், பிளாட் போட்டால் விலை போகும். உள்பக்கம் செம்மண், வேர்க்கடலை என்று டவுனில் சொல்கிற மல்லாட்டை போட்டால் செடி பிடுங்கக் கை வலிக்கும், அப்படிக் காய்க்கும். இரண்டும் சமம். எதை எடுக்கிறாள் என்று பார்த்தால் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கிணறுதான் இடித்தது. உள்பக்கம் வைத்தால் அதை எடுத்தவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ரோட்டோரம் வைத்தாலும் அதேதான். எந்தப் பக்கம் வைத்தாலும் சுத்தமாகப் பிரிந்துவிடும். நான் கிணற்றின் நடுவில் கோடு போட்டேன்.

ஜெகதீசன் போனில் கத்தினார். "அந்த மேடம் அவ்ளோ சொன்னாங்களே, மறந்துட்டீங்களா?"

"மறக்கலை" என்றேன்.

பார்க்க வந்த அன்று வீரம்மாள், மணிமாறன், வக்கீல், சர்வேயர் எல்லாரும் வந்தார்கள். நான் கயிறு கட்டிக் காட்டினேன். வீரம்மாள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ரோட்டோரம் போனாள். உள்பக்கம் போனாள். கிணற்றில் எட்டிப் பார்த்தாள். கயிறு கிணற்றுக்கு மேலே போவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

மணிமாறன்தான் பேசினான். "மாமா, கிணத்தைப் பொதுவுல வுட்டா நாளைக்கு மோட்டார் யாருது, முறை யாருதுன்னு பேஜாராயிடும்."

"எடுக்கப் போறது உங்கம்மா. நீ ஏன்டா நடுவுல?"

"இல்ல மாமா, ரோட்டுப் பக்கம் எடுத்தா நல்ல ரேட்டு..."

"வாயை மூட்றா" என்றாள் வீரம்மாள். குனிந்து உள்பக்கத்து மண்ணை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தாள். "வக்கீல் சார், நான் இதை எடுத்துக்கறேன்."

எனக்கு நெஞ்சில் இருந்த ஒரு கல் கீழே இறங்கியது. ஜெகதீசன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, யோசிச்சுதான் சொல்றீங்களா? அதுக்கு ரோடு கிடையாது. அவரு நிலத்து வழியாத்தான் நீங்க வரணும், போவணும். கிணறும் பொது, பாதையும் பொது. அந்த மேடம் எதெது கூடாதுன்னாங்களோ அது ரெண்டையும் அண்ணனும் தங்கச்சியுமா தேடிப் புடிச்சிருக்கீங்க."

"நானும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன்" என்றாள் வீரம்மாள்.

நான் சர்வேயரிடம், "பாதை வேணும்னா யாருகிட்ட கேக்கணும்னு அவளைக் கேளுங்க" என்றேன்.

அவள் சர்வேயரைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான வுடணும்ணா" என்றாள்.

ணா என்று அவள் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். கயிறு சிக்கியிருந்தது. சிக்கெடுக்க நேரம் ஆனது.

"வண்டி போற அகலம் வுடறேன்" என்றேன். "செடியை மெரிச்சா கேப்பேன்."

"கேளு."

திண்டிவனம் கோர்ட்டில் ராஜிப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். கிணறு பொது, பாதை பொது என்று இருக்கிறதே, பிறகு தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"வரட்டுங்க" என்றேன்.

"எனக்கும் சம்மதங்க" என்றாள் வீரம்மாள்.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வெளியே வந்து ரோட்டோரம் நின்றோம். நான் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன். இந்தத் தடவை பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் இல்லை. என் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் போன பிறகும் விடவில்லை. விழுப்புரம் பஸ் ஒன்று வந்து போனது. அவள் என்னோடு மரக்காணம் பஸ்ஸில் ஏறினாள்.

கோர்ட்டும் கூட்டமும் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லாத விஷயங்கள்தான். ஆனால் அந்தப் பேராசிரியர் அம்மா சொன்னது சரி, அதை மறுக்க மாட்டேன். பொதுக் கிணறு வைத்தால் சண்டை வரும். வருகிறது. போன தடவை அவள் முறைக்கு நான் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன் என்று வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"உன் கரும்புக்கு மட்டும்தான் தாகமா? என் மல்லாட்டை இன்னா பாவம் பண்ணுச்சு?"

"கரும்பு கேட்டுது, வுட்டேன். உன் மல்லாட்டை வாயைத் தொறந்து கேக்கலையே."

"கோர்ட்டுக்குப் போறேன் பாரு."

"போ. ரோட்டை யாரு தாண்டி வுடுவா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனாள். சண்டை போட்ட அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுக்காரி வாழைக்காய் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

நாளைக்கு அவள் முறை. வளவனூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். பஸ் நிற்பது மரக்காணம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கல் லாரி ஓடுகிற ரோடு. நான் போய் நிற்க வேண்டும்.