தட்டில் நிற்காத வீடியோ கேம்

...விக்குமா, விக்காதா, அதை மட்டும் பார்த்துச் சொல், பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து பூத்துக்குப் போன் போடுகிறேன் என்றுவிட்டு என் வீட்டுக்காரர் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார், எதைப் பார்த்துச் சொல்வது, யாரைப் பார்த்துச் சொல்வது, என் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வீடியோ கேம், ஓரத்தில் சாவி மாட்டுவதற்கு ஒரு வளையம், கடையைத் திறந்து அரைமணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தொண்ணூற்று ஏழாம் வருஷம், மாசி மாதம், சிவராத்திரிக்கு இன்னும் மூன்று நாள். இதை எழுதுகிற இப்போது இவர் இறந்து பதினோரு மாதம் ஆகிறது, காமாலை கண்டு பன்னிரண்டு நாளில் போய்விட்டார், போனவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ நினைவுக்கு வர வேண்டும், எனக்கு வருவது அந்த ஒரு காலை நேரம்தான், ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டடி அகலக் கடை, அதில் நான் மட்டும். வளையல், ரிப்பன், பவுடர் டப்பா, ஊக்கு, அதற்கெல்லாம் மேலே கண்ணாடி அலமாரியில் பெரிய வீடியோ கேம் வரிசையாக நின்றது, செங்கல்லில் பாதி இருக்கும், இரண்டு கையாலும் பிடித்து ஆட வேண்டும், மேலேயிருந்து கட்டைகள் விழும், அடுக்கினால் ஒரு வரிசை அழியும், தறியில் வரிசை சேரச் சேரத் துணி வளரும், இதில் சேர்ந்தால் அழிகிறதே என்று முதல் தடவை பார்த்தபோது நினைத்தேன். அந்தப் பெரியதுதான் எங்கள் கடையைக் காப்பாற்றியது, போன வருஷம் வாங்கி வைக்க வைக்கப் போனது. இப்போது அதையே இவ்வளவு சின்னதாகச் செய்திருக்கிறார்கள், மதுரை மொத்தக்கடைக்காரர் ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டிதான் இருக்கிறது, மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் ராஜபாளையத்துக்காரருக்குப் போய்விடும் என்றிருந்தார். கடையில் மிச்சமிருந்த முதல் பணம் அத்தனையும் இவர் இடுப்பில். விக்காவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் என் அண்ணன் சென்னய்யா வீட்டுத் தறிதான்.

அந்த வீட்டில் ஐந்து தறி, நான்கு ஓடும், ஐந்தாவது இவருடையது, அதற்கு மூன்று வருஷம் முன்பு, காலை இறக்கி உட்காரும் அதன் குழியிலிருந்து இவர் எழுந்து கடை போட வந்த பிறகு அதில் அண்ணன் வேறு யாரையும் உட்கார வைக்கவே இல்லை, ஆள் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார், அது மைத்துனன் மேலிருந்த அன்பா, இல்லை எப்படியும் திரும்பி வருவான் என்ற நிச்சயமா, எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் வீட்டுப் பக்கம் போனால் அந்தக் குழியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார். ஆனால் இவர் தறியைவிட்டு எழுந்தாரே தவிர தறி இவரைவிட்டு எழவில்லை, அந்தச் சின்ன கேமைக் கையில் வாங்கியதும் இவர் முதலில் செய்தது என்ன, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார், நூலைப் பார்ப்பதுபோல. சன்னமா இருக்கு கார்த்தி, என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டார், சந்தோஷம் வந்தால் அப்படிச் சொல்வார். அறுபதாம் நம்பர் நூலைவிட எண்பது சன்னம், எண்பதைவிட நூறு சன்னம், சன்னமாக ஆகக் கூலியும் ஏறும் விலையும் ஏறும், தடித்த நூலைக் கோணிக்குத்தான் போடுவார்கள், சின்னதாகச் செய்வதுதான் கஷ்டம், கஷ்டமானதற்கு மதிப்பு உண்டு, இதை எங்கள் ஜனத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நானும் நெசவுக்காரன் மகள்தானே, எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, பெரியதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தபோது பெரியது கோணி மாதிரித்தான் தெரிந்தது... அப்புறம் ஏன் அதைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது பாலவனத்தத்து டீச்சர். அய்யோ எவ்வளவு அழகா இருக்கு என்று கன்னத்தில் வைத்துக்கொண்டார், எனக்கு உயிர் வந்தது, அழகு என்று ஒரு படித்தவர் சொல்லிவிட்டார், ஒன்று. பிறகு அவர் ஊக்கு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனார். வாங்கவில்லையே என்று நினைத்தேன், அவசரமாக இருந்திருக்கும் என்றும் நினைத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், மணி பத்தே கால்தான், மதுரைக்கு இவர் போய்ச் சேர்ந்திருப்பாரா, வழியில் பஸ் நிற்கும்போது டீ குடித்திருப்பாரா, வெறும் வயிற்றோடு போனார்... பத்தரைக்கு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள், இருளாண்டி, முருகேஸ்வரி, பேர் எனக்குப் பிறகுதான் தெரியும், இருளாண்டியின் விரல் இடுக்கெல்லாம் கருவேலங்கரி, சோப்புப் போட்டும் போகாத கறுப்பு. பரளச்சியில் இருளாண்டியின் தங்கை மகனுக்குச் சிவராத்திரியன்று குலசாமி கோயிலில் காதுகுத்து, இருளாண்டிதான் தாய்மாமன், தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். முருகேஸ்வரி அப்போதுதான் வாங்கிய எவர்சில்வர் தட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். வாழைப்பழச் சீப்பு, தேங்காய், பிள்ளைக்குச் சட்டைத்துணி, பவுடர், எல்லாவற்றையும் அதில் அடுக்கி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள், மறுபடி கலைத்து அடுக்கினாள். பிறகு அலமாரியைக் காட்டி, "அந்த கேம எடுங்கக்கா" என்றாள்.

நான் பெரியதை எடுக்காமல் சின்னதை எடுத்து நீட்டினேன், "புதுசா வந்திருக்கும்மா, மதுரையிலயே இப்பத்தான்." அவள் வாங்கிப் பார்த்தாள், "அழகாத்தான்க்கா இருக்கு" என்றாள், இரண்டு என்று எண்ணிக்கொண்டேன், எண்ணி முடிப்பதற்குள் அவள் அதைத் தட்டில் தேங்காய்மேல் சாய்த்து வைத்தாள், அது வழுக்கி வாழைப்பழத்துக்கு நடுவில் விழுந்து காணாமல் போனது. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. இருளாண்டி சிரித்துவிட்டார். "ஏத்தா, இத ஒம் நாத்தனா தாயத்துன்னு நெனச்சுப் பிள்ள இடுப்புல கட்டி விட்டுருவா." "சும்மா கெடங்க, ஒங்க தங்கச்சிக்கு அம்புட்டு வெவரம் இருந்தாத்தான்" என்று அவரை அடக்கிவிட்டு முருகேஸ்வரி என்னிடம் திரும்பினாள், "இல்லக்கா, தப்பா நெனைக்காதீக, மேளத்தோட தெருவில நாங்க தட்டத் தூக்கிட்டுப் போவோம்ல, வாசல்ல நிக்கிற பொம்பளக எட்டிப் பாப்பாக, மாமன் என்ன கொண்டாந்துருக்கான்னு. இது எங்கிட்டுக் கெடக்குன்னு நானே தேடணும் போலருக்கே. போன சீருக்கு இவுக அண்ணன் பெருசு வச்சாக, நாங்க அதுல பாதிகூட இல்லாத ஒண்ண வச்சா மூஞ்சிய எங்கிட்டு வைக்கிறது?" நான் என்ன சொன்னேன், விளையாடுகிற பிள்ளைக்குச் சின்னதுதானே கைக்கு அடக்கம் என்று என்னவோ சொன்னேன். "பிள்ளையா வாங்குது?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பிறகு, "ஒங்க பிள்ளைக்கு ஒங்க அண்ணன் தம்பி என்ன வச்சாக?" என்றாள், அதையும் சாதாரணமாகத்தான். எனக்குப் பிள்ளை இல்லம்மா என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள், நானும் தட்டைத்தான் பார்த்தேன், போன வருஷம் விற்ற அத்தனை பெரிய கேமும் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒரு தட்டில் ஏறி, மேளத்துக்குப் பின்னால், வெயிலில், ஒரு தெரு முழுக்கப் பார்க்கப் போயிருக்கிறது. எங்கள் வாசலுக்கு அப்படி ஒரு தட்டும் வந்ததில்லை. மூன்று வருஷம் விற்றோம், வாங்குகிறவர் யார் என்று நாங்கள் இருவரும் பார்க்கவே இல்லை, விளையாடுகிற பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பெரியதை வாங்கித் தட்டில் நிமிர்த்தி வைத்தார்கள். நின்றது.

அந்த நேரம் பார்த்தா அண்ணன் வர வேண்டும். பாவு நூல் வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தவர் கடைமுன் நிறுத்தினார். வழக்கமாக என்னிடம் எங்கள் வீட்டுப் பேச்சில், கன்னடத்தில்தான் பேசுவார், அன்றைக்கு வேண்டுமென்றே தமிழில் பேசினார், முருகேஸ்வரிக்கும் இருளாண்டிக்கும் கேட்க வேண்டும் என்று. "என்ன சௌடம்மா, மாப்ள லோடு எடுக்கப் போயிட்டாராக்கும்? எத்தன லாரி?" மேஜைமேல் கிடந்த சின்ன கேமை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அவர் விரலும் நூலைத் தேய்ப்பதுபோலவே தேய்த்தது, "நல்லாத்தான் இருக்கு" என்றார், மூன்று, சீ, இதையுமா எண்ணுவேன். "குழிய நான் இன்னும் மூடலன்னு மாப்ளகிட்டச் சொல்லு." சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இருளாண்டி எதுவோ புரிந்தவர்போல எனக்கு முகம் கொடுக்காமல் பையைக் கட்டினார்.

பிறகு ஒரு மணி நேரம். யாரும் வரவில்லை, வந்தவர்களை நான் கவனிக்கவும் இல்லை. எப்படிச் சொல்வது, எடுக்காதீங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே, ஏன் என்று கேட்பார், கேட்டால் தட்டில் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும், தட்டு என்றால் எந்தத் தட்டு என்பார், பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகிற தட்டு, நம் வீட்டுக்கு வராத தட்டு, அதனால்தான் நமக்குத் தெரியவில்லை என்று போனில் சொல்ல முடியுமா, பதினாலு வருஷமாக வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளாததை பூத்தில் நின்றுகொண்டு, பூத்தைப் பார்த்துக்கொள்கிற இன்பராஜ் தம்பி கேட்கச் சொல்ல முடியுமா. சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டால் முதல் தப்பிக்கும், கடை தப்பிக்கும், வெறுங்கையோடு இறங்குவார், இறங்கட்டும், அண்ணன் சிரிப்பார், சிரிக்கட்டும்... பூத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்தேன், பஞ்சாலை மேஸ்திரிக்கு ஒன்று, லாரி ஆபீஸுக்கு ஒன்று. எடுக்காதீங்க, எடுக்காதீங்க, எடுக்காதீங்க என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், படிக்கிற காலத்தில் மனப்பாடச் செய்யுள் சொல்லிப் பார்த்ததுபோல. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இன்பராஜ் தலையை நீட்டி, "யக்கா, மதுரை!" என்றான்.

காதில் வைத்ததும் ஒரே சத்தம், பெட்டிகளை இழுக்கிற சத்தம், யாரோ யாரையோ ஏசுகிற சத்தம், அதற்கு நடுவில் இவர் குரல், "அலோ, நாந்தான் பேசுறேன், சாப்ட்டியாம்மா?" என்னை இவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. நான் உம் என்றேன். பின்னால் மொத்தக்கடைக்காரர் குரல் கேட்டது, "மொதலாளி, டீ ஆறுது." முதலாளி. இவரைத்தான். தறிக்குழியில் இருபது வருஷம் இருந்தவரை அந்த ஊரில் ஒருத்தர் முதலாளி என்கிறார், இவர் அதற்கு, "இந்தா வாரேன்" என்று பதில் சொன்ன குரலில் ஒரு நிமிர்வு இருந்தது, எனக்கு அந்தக் குரலைத் தெரியாது, கல்யாணத்தன்றுகூட அப்படிக் கேட்டதில்லை. "பாத்தவுக என்ன சொன்னாக?" என்றார். என் வாய்க்குள் இருந்தது எடுக்காதீங்க. வெளியே வந்தது, "அழகா இருக்குன்னு சொன்னாக." "எல்லாருமா?" டீச்சர் சொன்னார், முருகேஸ்வரி சொன்னாள், அண்ணன்கூட நல்லாத்தான் இருக்கு என்றார், நான் ஒரு பொய்யும் சொல்லப்போவதில்லை. "எல்லாரும்" என்றேன். கொஞ்ச நேரம் இவர் பேசவில்லை. போன் இருந்தது, மூச்சு கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். "அப்பச் சரி, எடுத்துர்றேன், மூணரை பஸ்ஸுல வாரேன்" என்று வைத்துவிட்டார்.

பெட்டி வந்தது. சிவராத்திரியும் வந்து போனது. பங்குனி முடிவதற்குள் கடையை ஒரு செருப்புக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு இவர் அந்தக் குழியில் காலை இறக்கினார், அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வேறு யாரும் வரவில்லையா என்று இவர் கேட்கவே இல்லை, சாகிறவரை கேட்கவில்லை. நான்தான் மறைத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், படுத்த படுக்கையில் இவர் என் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு இதை எழுதும்போது, அன்று போனில் பேசிய நாலு வரியையும் அப்படியே எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிகிறது, அத்தனையும் தமிழ். நாங்கள் இருவரும் தனியாகத் தமிழில் பேசியதே கிடையாது. காலையில் பஸ் ஏறும்போது விக்குமா விக்காதா என்று கேட்டதுகூட எங்கள் பேச்சில்தான், மதுரையில் அந்தக் கடைக்காரருக்கு ஒரு எழுத்தும் விளங்காத பேச்சில். உண்மை வேண்டுமென்றால் இவர் அதில் கேட்டிருக்கலாம், அந்த நாலு பேருக்கு நடுவில் நின்றுகொண்டே கேட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, கேட்கவில்லை, விக்குமா என்ற வார்த்தையே அன்று போனில் வரவில்லை, என்ன சொன்னாக என்று மட்டும் கேட்டார், முதலாளிகள் கேட்பதுபோல. வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரா, இல்லை சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான்... அந்த மூச்சு கேட்ட கொஞ்ச நேரத்தில் இவர் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்? பூத்தில் நின்ற இன்பராஜுக்கும் எங்கள் பேச்சு தெரியாது. எனக்குத் தெரியுமே, நான் ஏன் அதில் பேசவில்லை?