தலைவரின் மேல்வரிசை

நடுவே விண்டுபோன மேல்வரிசைப் பல்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் போன் செய்தார்.

"ஜாக்கிரதைப்பா, அது தலைவரோடது. சாயங்காலம் மேடையில பேசணும். நாலு மணிக்குக் கம்பவுண்டர் வருவான்."

பல் கட்டுகிறவனின் கை நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளாக அவனிடம் வந்த வாய்களுக்கு முகமில்லை. எண் மட்டுமே உண்டு. நாட்டையே அதட்டிய வாய், இலட்சம் பேரை அண்ணாந்து பார்க்க வைத்த வாய், இதோ அவன் உள்ளங்கையில், தேநீர்க் கறையோடு, இரண்டு துண்டாய்!

செய்தி கேட்ட மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பத்தொன்பது நாளுக்கு முன் ஆலைக் கொதிகலன் வெடித்ததில் செத்தவன் அவள் தம்பி. செத்தவர்கள் பதினொருவர் என்றது ஆலை. ஒப்பந்தக் கூலியான இவன் அன்று உள்ளேயே வரவில்லையாம்! கூட வேலை பார்த்தவர்கள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த கரிந்த செருப்பு ஒன்றுதான் அவன் போனதற்குச் சாட்சி. இன்று தலைவர் பேசப்போவதும் அந்தச் சாவுகளைப் பற்றித்தான்.

"எத்தனை ஆபீஸ் படி ஏறினோம்! இப்ப அவர் வாயே நம்ம வீடு தேடி வந்திருக்கு. டப்பாவுல ஒரு சீட்டு வைங்க."

"டாக்டர் பார்த்தா வேலை போயிடும்டி."

"என் தம்பியே போயிட்டான்."

அவளே எழுதினாள், நான்கே சொல்: பன்னிரண்டாவது ஆள் என் தம்பி.

அவன் துண்டுகளை ஒட்டினான், இளஞ்சிவப்புத் தூளைக் குழைத்து விரிசலை நிரப்பினான், இறுகியதும் அராவினான். அண்ணத்தில் ஒரு நூலளவு மேடு விட்டால் போதும், மேடையில் சொல்லுக்குச் சொல் நாக்குத் தடுக்கும். அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவன் விரட்டவுமில்லை. ஆனால் பழகிய கை யாரையும் கேளாமல் மேட்டைத் தேய்த்துச் சமனாக்கி, கண்ணாடிபோல் மெருகேற்றி வைத்துவிட்டது.

கம்பவுண்டர் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தான். "என்னண்ணே, லவ் லெட்டரா?" என்று ஈரப் பஞ்சுக்கு அடியிலிருந்த சீட்டை விரலால் நெம்பினான்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் காகிதம். பல் ஆடாம இருக்க வச்சேன்" என்று பல் கட்டுகிறவனே அதை உருவித் தன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் தலைவர் எழுந்தார். கடல்போல் கூட்டம். "உயிர்நீத்த பதினொரு தோழர்களுக்கும்..." என்று அந்தக் குரல் முழங்கியது. பதினொரு பெயர்களும் பிசிறின்றி, பழுதின்றி, மணிமணியாய் உதிர்ந்தன.

"ஒரு எழுத்துகூட வழுக்கல. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள் அவள்.

அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். குரல் அணையவில்லை, எதிர்வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாய்ச் சாத்தினாள். கடைசி ஜன்னலின் கொக்கி மாட்டவில்லை. இரண்டு கைகளாலும் கதவை அழுத்திப் பிடித்தபடி அவள் நின்றாள். வெளியே தெரு முழுவதும் கைதட்டியது.